கண்ணளவு மோதிரம்

மனைவியின் மோதிரத்தைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, கழற்ற வழி தெரியாமல் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு வயது ஐம்பத்து மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ விவரம் தெரியாத வயசு என்று நினைத்து யாராவது இரக்கப்பட்டுவிடக் கூடும்.

சோப்புப் போட்டுப் பார்த்தாயிற்று. எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று. ரத்தம் கீழே இறங்கட்டும் என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வகுப்பில் பதில் தெரிந்த ஒரே மாணவன் மாதிரி கால் மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. மோதிரம் அசையவில்லை. விரல்தான் கோபித்துக்கொண்டு வீங்கியது.

அவரை எல்லோரும் அரையங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பது தொழில். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பல் மருத்துவமனையில் பதினோரு ஜன்னல்களுக்கு, டேப்பைத் தொடாமல் கண்ணாலேயே அளவெடுத்தார். பதினொன்றும் அரை அங்குலம் குட்டை. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த நோயாளிகளின் கண்ணில் சரியாக அந்த அரை அங்குல வெயில் விழுந்தது. மறுநாளே போய் மடிப்பைப் பிரித்து, இறக்கித் தைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் பெயருக்கு மடிப்புக் கிடையாது, பிரித்துத் தைக்க. இப்போது போனை எடுத்தால் அவரே “அரையங்குலம் பேசுறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார். கேலியை நாமே முந்திக்கொண்டு செய்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம் என்பது அவருடைய கொள்கை.

விஷயத்துக்கு வருவோம். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது. அதற்கு ஒரே மாதிரி இரண்டு மோதிரங்கள் ஜோடியாகச் செய்யச் சொல்லி, மனைவி முன்னால் வைத்து அசத்திவிட வேண்டும் என்று திட்டம். அவள் விரல் அளவு வேண்டும். கல்யாண மோதிரம் பீரோ டிராயரில், ஓடாத கைக்கடிகாரத்துக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் நடுவில் கிடந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். எடுத்தார். சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தார்; தொளதொளவென்று ஆடியது. அத்தோடு விட்டிருக்கலாம். அளவென்றால் துல்லியம் வேண்டாமா என்று தொழில் புத்தி உள்ளே புகுந்தது. மோதிர விரலில் ஏற்றினார். முட்டியில் மோதிரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவரும் முரண்டு பிடித்தார். கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

அந்த மோதிரம் டிராயருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. ஒரு நாள் காலையில் டீயை நீட்டிய கையில் மோதிரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம் மட்டும் இருந்தது. அரையங்குலம் பார்த்தார். ‘ஏம்மா, மோதிரம் எங்கே?’ மூன்று வார்த்தை. மூன்றும் தொண்டை வரை வந்துவிட்டன. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார். பிடிக்காமல் போனது மோதிரத்தையா, போட்டுவிட்டவனையா? கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர்தான். வீட்டுக்குள் தரையில் நிற்கும்போதுதான் தைரியம் கொஞ்சம் மட்டு.

நாலு வருடமாக அந்தக் கேள்வியை ஆறப்போட்டிருந்தார். அதுவோ ஆறுவதாக இல்லை. ஜோடி மோதிரம் என்கிற யோசனை உதித்தபோது அவருக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை, நிம்மதி. செய்து கொடுப்போம். போட்டுக்கொண்டால் நம்மைப் பிடித்திருக்கிறது. டிராயருக்குப் போனால் பிடிக்கவில்லை. வாயைத் திறக்காமலே பதில் தெரிந்துவிடும். அவர் ஆயுளில் போட்ட திட்டங்களிலேயே இதுதான் புத்திசாலித்தனமானது. அதனால்தான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மனைவி வருவதற்குள் மோதிரம் தெரியாதபடி விரலைச் சுற்றிப் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டார்.

“என்னாச்சு கையில?”

“கொக்கி குத்திடுச்சு.”

“என்ன கொக்கி?”

“கர்ட்டன் கொக்கிதான். நம்மகிட்ட வேற என்ன கொக்கி இருக்கு.”

“இவ்வளவு பெரிய கட்டு. கொக்கி உள்ளேயே இருக்கா?”

“சேச்சே.”

அவள் பொது நீச்சல் குளத்தில் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் டீச்சர். வீட்டில் அரையங்குலத்துக்கும் டீச்சர்தான். தண்ணீரில் இறங்கப் பயந்துகொண்டு வயிற்று வலி, காது வலி, முடி வலி என்று வந்து நிற்கும் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறவளுக்கு இந்தக் கட்டு ஒரு பொருட்டா. ஆனாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. “ம்” என்று சொல்லிவிட்டு ஈரத் துண்டை உலர்த்தப் போய்விட்டாள்.

மறுநாள் கடையின் பின்னறையில் மச்சான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். டீச்சரின் தம்பி. பதினெட்டு வருடமாக இங்கேதான் தைக்கிறான். அளவில் அரையங்குலம் எவ்வளவு சொதப்பினாலும் தையலில் சரிக்கட்டிவிடுவான் என்பதால் அவனிடம் அவருக்குப் பாசம் பாதி, பயம் பாதி.

“என்ன மாமா, வந்ததுலேர்ந்து ஒத்தக் கையை பாக்கெட்டுலயே வெச்சிருக்கீங்க. யார்கிட்டயாவது அடி வாங்கிட்டீங்களா?”

அரையங்குலம் கட்டைப் பிரித்துக் காட்டினார். மச்சான் மெஷினை நிறுத்திவிட்டு, முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அப்புறம் நல்ல பிள்ளையாக எழுந்து வந்து, விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி மோதிரத்தை நகர்த்திப் பார்த்தான். நூல் அறுந்தது. இன்னொரு நூலும் அறுந்தது.

“சரி விடு மச்சான். உங்க அக்கா விரல் அளவு உனக்குத் தெரியுமா?”

மச்சான் உட்கார்ந்து பெடலை அழுத்தினான். மெஷின் கடகடவென்று ஓடியது. “என்ன மாமா? கேக்கல.”

“உங்க அக்கா விரல்...”

மறுபடியும் கடகட. அந்த ஓட்டத்தில் தைக்க வேண்டிய துணி முடிந்துபோய், மெஷின் வெறும் காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது.

“தெரியும்னா தெரியும்னு சொல்லு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு.”

“அக்கா விஷயத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாது மாமா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஒரு பொம்பளையோட மோதிரம் உங்க மோதிர விரல்ல ஏறியிருக்கு. அதுல உங்களுக்கு எதுவும் தோணலையா?”

அரையங்குலம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் விரல் மெலிசுன்னு தோணுது.”

மச்சான் மறுபடியும் பெடலை அழுத்திவிட்டான்.

அங்கிருந்து அவர் போனது நகை செய்கிற ஓர் அம்மாவிடம். நகைக்காரம்மாவின் பட்டறை தபால் அலுவலகத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். மேஜையின் நடுவில் அரைவட்டமாக வெட்டிய இடம், அதற்கடியில் தொட்டில் மாதிரி ஒரு தோல்; அராவும்போது உதிர்கிற தங்கத் தூள் அதில் விழும். அந்த அம்மா பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் விரலைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

“யாரோட மோதிரம்?”

“என் மனைவியோடது.”

“உங்ககிட்ட இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?”

“சஸ்பென்ஸ்.”

“சரிதான். வெட்டணும்.”

“இழுத்து எடுக்க முடியாதாம்மா?”

“முடியும். விரலும் கூடவே வரும்.”

காசு அகலத்தில் ஒரு பல் சக்கரம். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய தகட்டைச் செருகி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். அரையங்குலம் கண்ணை மூடிக்கொண்டார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வலிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மோதிரம் வாய் பிளந்துகொண்டு மேஜையில் கிடந்தது.

நகைக்காரம்மா அதை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் திருப்பினார். “ம்.”

“என்னம்மா ‘ம்’?”

“உள்பக்கம் ஒரு பாதி தேஞ்சிருக்கு. இன்னொரு பாதி நேத்து செஞ்ச மாதிரி இருக்கு.”

“அப்படின்னா என்ன அர்த்தம்?”

“அப்படி இருக்குன்னு அர்த்தம்.”

அரையங்குலத்துக்கு அது புரியவில்லை. ஆனால் மோதிரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சொல்வதற்கு அவரிடம் ஒரு கதை தயாராக இருக்கும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போனதும், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அந்த வீட்டுப் பெண் வந்ததும், ஜன்னலை விட்டுவிட்டு அந்த முனையில் இருந்த விரலையே இவர் பார்த்துக்கொண்டு நின்றதும், பின்னால் கல்யாணம் நிச்சயமானபோது அந்த ஞாபகத்தை வைத்தே மோதிரத்துக்கு அளவு சொன்னதும். “கண்ணாலேயே எடுத்த அளவும்மா. ஒரு நூல்கூடப் பிசகல.” கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வரிசை, ரயில் பயணம் என்று இந்தக் கதையை அவர் சொல்லாத இடம் இல்லை. நகைக்காரம்மா கடைசி வரை கேட்டார். சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

பிறகு அரையங்குலம் பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஜோடி மோதிரத்தின் படம். டேப்பில் இருக்கிற மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் மோதிரத்தைச் சுற்றி வரவேண்டும். ஒரு மோதிரத்தில் பூஜ்யத்தில் தொடங்கிப் போகிற அளவு, எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த மோதிரத்தில் தொடர வேண்டும். அவள் பிடித்த முனை ஒன்று, இவர் பிடித்த முனை ஒன்று.

நகைக்காரம்மா முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். “நல்லா இருக்கு சார். யாரும் கேட்டதில்ல. ஆனா கோடெல்லாம் ஒண்ணு நெருக்கமா ஒண்ணு தள்ளி இருக்கே.”

“நான் போட்ட கோடு அப்படித்தாம்மா இருக்கும்.”

“நான் சமமா போட்டுக்கறேன். பழைய மோதிரத்தை என்ன செய்யறது?”

“உருக்கி ரெண்டுலயும் பாதிப் பாதி சேர்த்துடுங்க.”

“அவங்க மோதிரம். அவங்க சொன்னாத்தான் உருக்குவேன்.” பழைய மோதிரத்தை ஒரு சின்ன உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டார். அளவு வளையக் கொத்தை எடுத்து, ஒவ்வொன்றாக அவர் விரலில் போட்டுப் பார்த்தார். “உங்களுக்கு இருபத்தி ரெண்டு. அவங்களுக்கு?”

“இப்ப வெட்டினீங்களே, அது எத்தனை?”

“பத்தொன்பது.”

“அப்ப பத்தொன்பதுதான். எழுதிக்கங்க.”

நகைக்காரம்மா எழுதவில்லை. மேஜையடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே வரிசையாக அட்டைகள், வாடிக்கையாளர்களின் அளவுகள். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஓர் அட்டையில் நின்றார். படித்தார். பெட்டியை மூடிவிட்டார்.

“எழுதலையா?”

“அவங்க விரல் என்ன அளவோ அதைத்தான் எழுதுவேன். கேட்டுட்டு வாங்க.”

“கேட்டா சஸ்பென்ஸ் போயிடுமே.”

“சஸ்பென்ஸ் போனா போகட்டும் சார். மோதிரம் போகக் கூடாது பாருங்க.”

அடுத்த ஒரு வாரம் அரையங்குலம் செய்தவற்றை அவருடைய மரியாதையை முன்னிட்டுச் சுருக்கமாகவே சொல்லலாம்.

முதலில், நூல் சிக்கெடுப்பதாகப் பாவனை செய்துகொண்டு, “டீச்சர், இந்த முனையைக் கொஞ்சம் விரல்ல சுத்திப் பிடி” என்றார். அவள் படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “மேஜைக் கால் சும்மாத்தானே இருக்கு, அதுல கட்டுங்க” என்றாள். கட்டினார். மேஜைக் காலின் சுற்றளவு இப்போது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

அடுத்ததாக, குழந்தைகள் விளையாடும் களிமண் வாங்கி வந்தார். புதுத் திரைக்குக் குஞ்சம் செய்து பார்க்கிறேன், நீ ஒரு விரலை அழுத்து, டிசைன் வருதா பார்ப்போம் என்றார். அவள் முஷ்டியை மடக்கி ஒரே குத்தாகக் குத்தி, “வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியாக மூன்று அளவுகளில் ரப்பர் கையுறை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டி மேல் வரிசையாக வைத்தார். எதை எடுக்கிறாள் என்று பார்த்தால் விரல் எப்படி என்று ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிடலாம். அவள் மூன்றையும் பார்த்தாள். “பரவாயில்லையே, உங்க சைஸும் இருக்கு” என்றாள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் அரையங்குலம்.

எட்டாம் நாள் பட்டறைக்குப் போய் நின்றார். “பதினேழு போடுங்கம்மா.”

“அவங்க சொன்னாங்களா?”

“நானே பார்த்தேன். சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, எல்லாக் கோணத்துலயும் பார்த்துட்டேன்.”

“முதல் தடவை பார்த்ததும் இதே கண்ணுதானே சார்?”

“அதே கண்ணுதான். இப்ப கண்ணாடி வேற போட்டிருக்கேன்.”

நகைக்காரம்மா அராவுவதை நிறுத்தினார். “சார், எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு ஜோக்கு வெச்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்து நாள் வேலை இது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அளவு வந்தாத்தான் உங்க நாளுக்குக் கையில கொடுக்க முடியும். வீட்டுல இருக்கற ஒருத்தங்ககிட்ட விரல் அளவு கேக்கறதுல உங்களுக்கு என்னதான் கஷ்டம்?”

அரையங்குலம் வாயைத் திறந்தார். ஒரு ஜோக்கு வரவேண்டிய இடம். வரவில்லை.

“அவ நாலு வருஷமா மோதிரமே போடறதில்லம்மா” என்றார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாடிப்படிக்கு அடியில் அந்த வாக்கியம் ரொம்பச் சின்னதாகக் கேட்டது. மேலே யாரோ படியில் ஏறிப் போனார்கள்.

“இதை என்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்” என்றார் நகைக்காரம்மா. குரல் கடுமையாக இல்லை. “ஏழு மணி வரைக்கும் திறந்திருப்பேன்.”

நீச்சல் குளத்துக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கையின் முக்கியமான கேள்வியைக் கேட்கப் போகிறவருக்கு ஏற்ற கோலம் என்று அரையங்குலம் நினைத்துக்கொண்டார். குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் ஒரு டஜன் குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னேறுகிற தண்ணீரைவிடத் தெறிக்கிற தண்ணீர்தான் அதிகம். டீச்சர் கரையில் விசிலோடு நின்றாள்.

“என்னங்க இங்க? கடை?”

“மச்சான் பார்த்துக்கறான். ஒண்ணு காட்டணும்.”

ஈர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உறையை நீட்டினார். அவள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். நடுவில் வாய் பிளந்த மோதிரம்.

“வெட்டியாச்சா.”

“என் விரல்ல மாட்டிக்கிச்சு.”

“டிராயர்ல காணோம்னு அன்னிக்கே தெரியும். கட்டைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்.” மோதிரத்தைப் புரட்டினாள். “எந்த விரல்ல போட்டீங்க?”

“மோதிர விரல்ல.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விசில் கழுத்தில் குதித்தது. “அது உங்க விரலுக்குச் செஞ்ச மாதிரி மோதிரம்னு எனக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கு அது தெரிய இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு.”

அரையங்குலம் திருதிருவென்று விழித்தார்.

“கல்யாணத்தன்னிக்கு மாட்டிவிட்டீங்களே, கையைத் தொங்கவிட்டா கீழே விழற மாதிரி இருந்துச்சு. சாயங்காலமே அடியில நூல் சுத்திட்டேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை நூல் மாத்துவேன். எல்லாம் உங்க கடை நூல்தான். தம்பி கடைக்கு வந்தப்புறம் அவன்தான் என் தோல் நிறத்துக்குத் தேடிக் குடுப்பான்.”

அன்று மச்சான் பதில் சொல்லாமல் கடகடவென்று ஓட்டிய மெஷின் இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மோதிரத்தின் உள்பக்கம் ஒரு பாதி மட்டும் ஏன் புதுசாக இருந்தது என்பதும் புரிந்தது.

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது. ரயில்ல முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கெல்லாம் ஒரு நூல்கூடப் பிசகலன்னு சொல்லிட்டு வர்றீங்க. பக்கத்துல நான் நூலைச் சுத்திட்டு உக்காந்திருக்கேன்.”

குளத்தில் ஒரு பையன் கம்பியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். அவள் விசிலை ஊதினாள். அவன் மறுபடியும் உதைக்கத் தொடங்கினான்.

இதுதான் நேரம் என்று அரையங்குலத்துக்குத் தெரிந்தது. ஏணியில் ஒற்றைக் காலில் நிற்கிறபோதுகூட இப்படி உள்ளங்கால் கூசியதில்லை.

“பின்ன ஏன் கழட்டின?”

“இங்கதான் விழுந்துச்சு” என்று ஆழமில்லாத பக்கத்தைக் காட்டினாள். “நூல் அவுந்து, கைவீசிக் காட்டும்போது தண்ணிக்குள்ள போயிடுச்சு. தலையை உள்ள விடவே மாட்டேன்னு மூணு மாசமா அழுதுட்டிருந்த பொண்ணு ஒருத்தி, யாரும் சொல்லாமலே முங்கி எடுத்துட்டு வந்துட்டா. அதுக்கப்புறம் முங்கறதை நிறுத்தச் சொன்னா அழுவா. சரி, இதை இனிமே சிறுசாக்கித்தான் போடணும்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். நீங்க பக்கத்து வீட்டுக்காரங்களை உக்கார வெச்சு கண்ணளவு கதை சொல்லிட்டிருந்தீங்க. நேரா உள்ள போயி டிராயர்ல போட்டேன். அடுத்த வாரமே தபால் ஆபீஸுக்குப் பின்னால இருக்கற நகைக்காரம்மாகிட்ட எடுத்துட்டுப் போனேன். அளவெல்லாம் எழுதிக்கிட்டாங்க. வெட்டித்தான் சிறுசாக்கணும்னாங்க. உங்களைக் கேக்காம வெட்ட மனசு வரல. திரும்பக் கொண்டு வந்துட்டேன்.”

“அந்த அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லாதீங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். எத்தனை நாள்ல நீங்களா கேக்கறீங்கன்னு பார்க்கலாம்னு. ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாசம் பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஜன்னல் அளக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டி கையில மோதிரம் இருக்கா இல்லையான்னு தெரியல. அப்புறம் எனக்கும் வீம்பு வந்துடுச்சு. அப்புறம் வீம்பும் மறந்துபோச்சு.”

“மறுநாள் காலையிலேயே பார்த்தேன்” என்றார் அரையங்குலம். “டீ குடுக்கும்போது.”

அவள் திரும்பினாள். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுவிட்டது.

“பார்த்துட்டா பேசாம இருந்தீங்க? நாலு வருஷமா?”

“ம்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நீ பதில் சொல்லிடுவியே.”

“என்ன சொல்லுவேன்னு நினைச்சீங்க?”

அவர் மடித்துவிட்ட பேன்ட்டையும், கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்த தன் பாதங்களையும் பார்த்தார். “போதும்னு.”

டீச்சர் மோதிரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்து, பிளந்த வாயைச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். அது திரும்பத் திறந்துகொண்டது.

“பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். “ரெண்டு மூணு நாள் அப்படித் தோணியிருக்கு. எதைப் பத்தியும் வாயைத் திறந்து கேக்காம, ஜோக்கு அடிச்சுட்டே எழுந்து போறீங்களே, அந்த நாள்ல. மோதிரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

இதைக் கேட்டதும் தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நாலு வருடமாக அவர் நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. பெஞ்சு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி ஆறு. பாக்கெட்டிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்து அவள் மடியில் விரித்தார். ஓரத்தில் தண்ணீர் பட்டுப் பூஜ்யம் கொஞ்சம் கலங்கியது.

“ரெண்டு மோதிரம். இதுல உன் முனை, இதுல என் முனை. பழசையும் உருக்கிச் சேர்க்கலாம், நீ சொன்னா.” தாளின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். “வேணுமா, வேண்டாமா?”

அவள் தாளைப் பார்த்தாள். ஒன்று நெருக்கமாகவும் ஒன்று தள்ளியும் இருந்த கோடுகளை விரலால் எண்ணிக்கொண்டே போய் நிறுத்தினாள்.

“வேணும்” என்றாள். “என் விரல் பதிமூணு. தண்ணியில இறங்கும்போது கழட்டி வெச்சுடுவேன். அதைப் பார்த்துட்டு மறுபடியும் நாலு வருஷம் யோசிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க.”